மலைக்கு மேனுவல்தான்

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் ஒருவர் கார் வாங்கப் போகிறார் என்றால் அது அவர் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிக் கருத்துச் சொல்வார்கள். கருத்துச் சொல்லக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, மீசை இருந்தால் போதும். எல்லாரும் பேசி ஓய்ந்தபின் எஸ்டேட் லாரி ஓட்டும் அண்ணன் ஒரு வார்த்தை சொல்வார். அதுதான் தீர்ப்பு. எஸ்டேட்டை நடத்தும் துரை சொன்னால்கூட முணுமுணுக்க நாலு பேர் இருப்பார்கள். லாரிக்கார அண்ணன் சொன்னால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நான் இந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கீழே ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அப்போது என் சொந்தச் சம்பளத்தில் கார் பழகி லைசென்ஸ் எடுத்தேன். நம் நாட்டில் கார் லைசென்ஸ் இரண்டு விதம். மேனுவல் எடுத்தவர் எந்தக் காரையும் ஓட்டலாம். ஆட்டோ எடுத்தவர் தானாகக் கியர் மாறும் ஆட்டோ காரைத்தான் ஓட்டலாம், கிளட்ச் உள்ளதைத் தொடக்கூடாது. நான் எடுத்தது ஆட்டோ. "இனிமே யாரும்மா மேனுவல் ஓட்டப்போறா?" என்று கற்றுக்கொடுத்தவர் சொன்னார். ஈப்போவில் இருந்தவரை அந்தப் பேச்சில் தப்பே தெரியவில்லை.

மலைக்கு மேலே வந்தபின் தேயிலைக் கொழுந்து வேலைக்குப் போனேன். இப்போது யாரும் கையால் கிள்ளுவதில்லை. பை கட்டிய பெரிய கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு சரிவில் நின்று வெட்ட வேண்டும். மழைக்கு ஓய்வு கிடையாது. ராத்திரி படுத்தால் தோள்பட்டை தனியாக, இடுப்பு தனியாக வலிக்கும். அந்தச் சமயத்தில்தான் பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டலில் காலைப் பசியாறல் சமைக்க ஆள் கேட்டார்கள். அங்கே சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எங்கள் கோயில் திருவிழா அன்னதானத்தில் என் சமையலைச் சாப்பிட்டவர். "நீ வாம்மா, நான் சேத்துக்கிறேன்" என்று அவரே சொன்னார். கூரைக்கு அடியில் வேலை, அடுப்புச் சூடு, மதியத்துக்குள் வீடு. எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது.

ஒரே சிக்கல், விடியும் முன்னே அங்கே இருக்க வேண்டும். அந்நேரத்துக்கு எஸ்டேட்டிலிருந்து எந்த பஸ்ஸும் கிடையாது. என் கணவர் எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர். ஃபேக்டரி லைனுக்குக் கீழேயே இருக்கிறது, அவர் நடந்தே போய்விடுவார். ஆக, ஒரு பழைய கார் வாங்கினால் காலையில் அது எனக்குத்தான். இதை அவரிடம் சொன்னேன். "வாங்கிடலாம் லா" என்றார். "ஆட்டோதானே வாங்கணும்?" என்றேன். "பாப்போம்" என்றார்.

அந்த வார்த்தைக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆசை யாரை விட்டது.

ஈப்போவில் பழைய கார் விற்கும் கடைக்குப் போனோம். அவர், நான், கூடவே லாரிக்கார அண்ணன். அண்ணன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "நாலும் தெரிஞ்ச மனுஷன் வரட்டுமே" என்று பதில் வரும். கடைக்காரச் சீனர் இரண்டு கார்களைக் காட்டினார். பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வெள்ளை ஆட்டோ, சிவப்பு மேனுவல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓடிய தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளைக் காரில் உட்கார்ந்து கடை வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஸ்டியரிங்கைப் பிடித்து நாளாகியிருந்தாலும் கை மறக்கவில்லை. திரும்பி வந்து நிறுத்தியபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையும் வந்தது.

இறங்கிப் பார்த்தால், இரண்டு ஆம்பிளைகளும் சிவப்புக் காரின் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார்கள்.

"ஆட்டோ நல்லா இருக்குங்க" என்றேன்.

லாரிக்கார அண்ணன்தான் தலையை நிமிர்த்தினார். "தங்கச்சி, ஆட்டோ டவுனுக்கு. மலைக்கு மேனுவல்தான். இறங்கும்போது ரெண்டாவது கியர்ல போட்டா காடி தானா பிடிச்சிக்கும். ஆட்டோவுல பிரேக்கயே நம்பி இறங்கணும். பிரேக்கு சூடாயி காஞ்சிருச்சின்னா நேரா பள்ளந்தான்."

"அதிலயும் இறக்கத்துக்குத் தனியா ஒரு கியர் இருக்குண்ணே. எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"ஸ்கூல்ல ஆயிரம் சொல்லுவான். நான் முப்பது வருஷமா இந்த மலையில லோரி ஓட்டுறேன்."

அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் ஓட்டும் லாரியில் தினமும் உயிரை ஒப்படைத்துத்தான் மலை ஏறுகிறோம். ஆனால் அவர் ஓட்டுவது தேயிலை மூட்டையை ஏற்றிய லாரி. நான் கேட்டது, ஒரு பொம்பிளை பிரிஞ்சாங் போய் முட்டை பொரித்துவிட்டு வரும் சின்னக் கார்.

அந்தக் கடையில் சரியான கேள்வியைக் கேட்டவர் சீனர் ஒருவர்தான். "யார் ஓட்டப்போவது?" என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சீனர் என்னையும் ஒருமுறை பார்த்தார், பிறகு சிவப்புக் காரின் சாவியை எடுத்துக் கொடுத்தார். கார் பணத்தில் பாதி என் நகையை அடகு வைத்து வந்தது. அதைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை.

திரும்பி மலை ஏறும்போது அவர் கியர் மாற்றிய அழகைப் பார்க்க வேண்டும். வளைவுக்கு வளைவு கையைத் தூக்கித் தூக்கிப் போட்டார். பின்சீட்டிலிருந்து அண்ணன், "பாத்தியா, எப்படி இழுக்குது" என்று மெச்சிக்கொண்டே வந்தார். எங்களை முந்திக்கொண்டு கோலாலம்பூர்க் கார்கள் ஏறிப் போயின. சனிக்கிழமை ஆனால் ஸ்ட்ராபெரி தின்ன வருகிற கூட்டம். அதில் முக்கால்வாசி ஆட்டோவாகத்தான் இருக்கும், ஒன்றுகூடப் பள்ளத்தில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. எனக்கு அதைச் சொல்ல நாக்கு துடித்தது. கல்யாணமான பொம்பிளைக்கு நாக்கு துடிப்பது புதிதா என்ன, கடித்துக்கொண்டேன்.

அன்று இரவே கேட்டேன். "நான் ஓட்டலுக்கு எப்படிப் போறது?"

"நான் கொண்டுபோய் விடுறேன்."

"உங்க ஷிப்டு?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் லா."

ஒரு வாரம் கொண்டுபோய் விட்டார். முதல் இரண்டு நாள் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார். பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு போனார். வாரக் கடைசியில், தோளைத் தட்டித் தட்டி எழுப்பினால், "உன் ஒருத்தி வேலைக்கு ஊரே முழிச்சிருக்கணுமா?" என்றார். அன்று நான் ஓட்டல் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். மறுபடியும் அதேபோல் ஆனது. சமையலறை அம்மா நல்லவர். என்னைத் தனியே கூப்பிட்டு, "உன்மேல ஒரு குறையும் இல்லம்மா, எனக்கு நேரத்துக்கு ஆள் வேணும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் மேனுவல் லைசென்ஸாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அதற்குப் பழகக் கீழே போய் வர வேண்டும். "யாரு கூட்டிட்டுப் போறது? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். சரி, லைனிலேயே அவர் சொல்லிக்கொடுக்கட்டும் என்று கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி மைதானத்தில் உட்கார வைத்தார். கார் இரண்டு தடவை குலுங்கி நின்றது. வேலிப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். இறங்கி வீட்டுக்கு நடந்தேன், திரும்ப அந்தக் காரில் ஸ்டியரிங் பக்கமாக உட்காரவே இல்லை.

கத்தரிக்கோலும் சரிவும் எங்கேயும் போய்விடவில்லை, எனக்காக அங்கேயே இருந்தன.

லைசென்ஸைப் புதுப்பிக்க தானா ராத்தா டவுனுக்குப் போக வேண்டியிருந்தபோது, "ஓட்டாத காடிக்கு எதுக்குப் புதுப்பிக்கிறது?" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. அப்படியே விட்டேன். விட்டுப் பல வருஷம் ஆனால் அது செத்துப்போகும், முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும். அதுவும் தெரிந்துதான் விட்டேன். என்னத்துக்கு அந்தச் சீட்டு, பார்த்துப் பார்த்து வயிறெரியவா?

சிவப்புக் கார் நன்றாகவே ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, பசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தைக்கு எல்லாம் போனோம். நான் பக்கத்துச் சீட்டில் மடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு ஒரு மழைநாளில் ஃபேக்டரிப் படியில் அவர் வழுக்கி விழுந்தார். இடது முட்டி நொறுங்கியது. ஈப்போவில் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். நடக்கலாம், ஆனால் இடது காலை அழுத்தி எதையும் மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். கிளட்ச் இடது காலுக்கு. கார் லைன் ஓரத்தில் கான்வாஸ் போர்த்திக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போக ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்சினோம். கெஞ்சுவது அவருக்குப் புதிது. ஒரே மாதத்தில் இளைத்துப் போனார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, கால் பிடித்துவிட்டேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

ஒரு நாள் மாலை லாரிக்கார அண்ணன் வீட்டுக்கு வந்தார். இருவரும் முன்வாசலில் உட்கார்ந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

"பேசாம ஆட்டோவா மாத்திரு லா" என்றார் அண்ணன். "வலது கால் ஒண்ணு போதும்."

"மலைக்குத் தாங்குமாண்ணே?"

"இப்ப வர்ற ஆட்டோ எல்லாம் ஜோரா ஏறுது. என் மருமவன் அதுலதான் கம்போங் ராஜாவுக்குப் போய்ட்டு வர்றான். இறக்கத்துக்குத் தனியா கியர் இருக்கு."

"அப்படியா!" என்றார் என் கணவர், உலகத்தில் முதல்முறையாக அதைக் கேள்விப்படுகிறவரைப் போல.

நான் தட்டோடு அங்கேயே நின்றேன். இரண்டு பேரில் ஒருவராவது நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார் என்று நின்றேன். தேத்தண்ணியில் சீனி பத்தவில்லை என்று அண்ணன் சொன்னார்.

அடுத்த வாரமே சிவப்பு போய்ச் சாம்பல் நிற ஆட்டோ வந்தது. நான் வருஷக்கணக்காகச் சொல்லி நடக்காததை ஒரு முட்டி ஒரே வாரத்தில் நடத்தி வைத்தது.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் காருக்குப் பூசை. லைன் ஆட்கள் கூடிவிட்டார்கள். பூசாரி பானெட்டில் குங்குமம் வைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். யாரோ ஒருவர், "என்னப்பா, மேனுவல்தான்னு தலைகீழா நின்ன, ஆட்டோ வாங்கிட்ட?" என்று கிண்டல் செய்தார். என் கணவர் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்:

"இது அவளுக்காக வாங்கினது. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தா, பாவம்."

பொம்பிளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குடுத்து வச்சவ என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். நான் சிரித்திருக்கலாம். ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும்.

"எனக்காக இல்ல" என்றேன். "உங்க முட்டிக்காக."

பூசாரி கற்பூரத்தோடு அப்படியே நின்றார். என் கணவர் முகம் கறுத்துவிட்டது. காருக்குள் ஏறி உட்கார்ந்து, எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு ஓட்டிப் போனார். நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். வழியில் பக்கத்து வீட்டுக்காரி என்னோடு சேர்ந்துகொண்டாள். "காடியும் வாங்கிக் குடுத்து, சாமி முன்னால இப்படி அவமானமும் பட்டாரு பாவம். உனக்கு எது செஞ்சாலும் பத்தாதுடி" என்றாள். இன்றைக்கு வரைக்கும் லைனில் எனக்கு அதுதான் பேர்.

சில நாள் கழித்து, அவர் கோபம் ஆறியபின் கேட்டேன். "நான் ஓட்ட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் செத்து எத்தனை வருஷமாச்சி. அப்புறம் ஏன் எனக்காகன்னு சொன்னீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நடிப்பு இல்லை, குத்தல் இல்லை.

"நீ கேட்டியேன்னுதானே வாங்கினேன்" என்றார். "நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். பொய் என்றால் சண்டை போட்டிருப்பேன். இந்த மனிதரிடம் இனி எதைச் சொல்லிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.