மூவராக ஒரு படம்

என் கணவர் மனிதரைப் படம் எடுக்காத மனிதர். மாலையில் கமராவோடு வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனால், கரையோரத் தண்டவாளத்தில் நடப்பவர்கள் எல்லோரும் படத்துக்கு வெளியே போகும்வரை காத்து நிற்பார். சூரியன் போய்விடும், ஆட்கள் போகமாட்டார்கள். வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேநீர் குடிப்பார். கல்யாண வீட்டில் யாராவது "உங்கட கமராவாலை எங்களையும் ஒண்டு எடுங்கோவன்" என்று கேட்டால், பற்றரி முடிந்துவிட்டது என்பார். சுத்தப் பொய். பையில் எப்போதும் இரண்டு பற்றரி கிடக்கும்.

பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். நான் கணக்குப் படிப்பித்த ரீச்சர். எங்களுக்கு ஒரே மகன், நாங்கள் கூப்பிடுவது தம்பி என்று. அவன் கனடாவுக்குப் படிக்கப் போக விசா வந்த கிழமை, இவர் திடீரென்று மலைநாட்டுக்குப் போவோம் என்றார். நோர்வூட்டுக்குப் பக்கத்தில் காசல்ரீ நீர்த்தேக்கம். அதன் கரையில் பழைய துரை பங்களா ஒன்றை விடுதியாக்கியிருந்தார்கள். அங்கே நான்கு நாள் தங்கி, விடியற்காலையில் தண்ணீரிலிருந்து பனிப்புகார் எழும்புவதை எடுக்க வேண்டுமாம். பெட்டி கட்ட வேண்டிய நேரத்தில் உல்லாசப் பயணம் கேட்கிறதோ என்று நான் சண்டை பிடித்தேன். மகன் அப்பா பக்கம் நின்றான். போனோம்.

முதல் இரண்டு நாளும் அவர் வழக்கம்போலத்தான். ஐந்து மணிக்கு எழும்பி, கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ட்ரைபொட்டைத் தோளில் போட்டபடி கரைக்கு இறங்குவார். நானும் மகனும் நடுங்கிக்கொண்டு பின்னால் போவோம். தண்ணீர் வற்றியிருந்ததால் செம்மண் கரை அகலமாகத் தெரிந்தது. எதிரே தேயிலை மலை, அதற்கும் அப்பால் சிவனொளிபாதமலையின் கூர். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கரையோரமாக வரிசையில் வருவார்கள். இவர் கமராவிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர்கள் போகட்டும் என்று நிற்பார். "அவையள் இல்லாமல் உங்கட தேயிலை மலை ஏது?" என்று கேட்டேன். கேட்காத மாதிரி லென்ஸைத் துடைத்தார்.

மூன்றாம் நாள் காலை பனிப்புகார் ஒரேயடியாக விலகியது. தண்ணீரில் ஓர் அசைவு இல்லை. மலை முழுவதும் தலைகீழாக உள்ளே கிடந்தது. இதற்குத்தானே வந்தார், இனி எங்களை மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ட்ரைபொட்டைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இஞ்சை வாரும். தம்பி, நீயும் வா. டைமர் போட்டு மூண்டு பேருமா ஒண்டு எடுப்பம்."

கல்யாணமான நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அது. அவர் தானாகவே கேட்கிறார். நான் அசையவில்லை.

"மூண்டு பேர் நிண்டு எடுக்கிறேல்லை" என்றேன்.

மூன்று பேராக நின்று படம் எடுத்தால் அதில் ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் பலரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு யாரும் சிரித்ததில்லை. யாழ்ப்பாணத்தில் நான் சிறுமியாக இருந்தபோது என் இரண்டு அண்ணன்மாரோடும் சேர்த்து ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்தார்கள். அடுத்த வருடம் சின்னண்ணா ரியூசனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அம்மா அந்தப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் குப்புற வைத்தார். கணக்குப் படித்தவளுக்கு அது வெறும் தற்செயல் என்று தெரியும். தெரிந்து என்ன, நெஞ்சு கேட்க வேண்டுமே.

"கணக்கு ரீச்சர் மூண்டுக்குப் பயப்பிடுறா" என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார் அவர். மகன் என் கையைப் பிடித்து, "ஒரு கிளிக்தானே அம்மா, ப்ளீஸ்" என்றான். அந்த நேரம் பார்த்து விடுதிச் சமையல்காரர் பிளாஸ்க்கில் தேநீர் கொண்டு இறங்கி வந்தார். அந்தத் தோட்டத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும். என் கணவருக்கு உடனே ஒரு வழி தோன்றிவிட்டது.

"நீங்களும் எங்களோட ஒருக்கா நில்லுங்கோ. அப்ப நாலு பேராகும்."

"நானுங்களா ஐயா?" என்றார் சமையல்காரர். பிளாஸ்க்கை ஒரு கல்லில் வைத்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றி, கையாலேயே தலைமயிரைப் படிய வாரினார்.

நான் கணவரின் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னேன். "எங்கட குடும்பப் படத்துக்கை சமையல்காரர் என்னத்துக்கு? தம்பி அங்கை போய் ஆருக்கும் காட்டேக்கை, இது ஆர் எண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

குளிர்காலை, ஆளரவமற்ற கரை. மெதுவாகச் சொன்னதும் கேட்கும். அந்த மனிதர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லங்க. நீங்க எடுத்துக்குங்க, நான் தேத்தண்ணி ஊத்துறேன்."

என் கணவர் சண்டைக்காரர் அல்ல. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, விடும்" என்றார். பிறகு இரண்டிரண்டு பேராக எடுத்தோம். அவர் என்னையும் மகனையும் எடுத்தார். மகன் எங்களை எடுத்தான். நான் அவர்கள் இருவரையும் எடுத்தேன், அடிவானம் ஒரு பக்கம் சரிந்துபோன கோணல் படம். அதற்குள் காற்று எழும்பித் தண்ணீர் கலங்கிவிட்டது. நாளைக்குப் பார்ப்போம் என்றார். மறுநாள் விடாமல் மழை. ஹற்றனில் ரயில் ஏறிக் கொழும்புக்கு வந்துவிட்டோம். அந்தச் சமையல்காரரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னோடு இருக்கிறது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மகன் உள்ளே போவதற்கு முன் போனை உயர்த்தி எங்கள் இருவரையும் தன்னோடு அணைத்தான். அப்போதும் நான் குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நின்றேன்.

அவன் போய் எட்டாம் மாதம், ஒரு காலையில் நான் நீட்டிய தேநீரை வாங்கிய கையோடு அவர் கதிரையில் சாய்ந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. மகன் அப்போது விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். வெளியே வந்தால் திரும்பப் போவது நிச்சயமில்லை. "வராதை தம்பி, அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்" என்று போனில் சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

மரண அறிவித்தலுக்கு அவருடைய படம் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தவரின் கணினியில் மலையும் கடலும் வானமும்தான் இருந்தன. கடைசியில், கரையில் நான் கோணலாக எடுத்த படத்திலிருந்து மகனை வெட்டிவிட்டுக் கொடுத்தோம். அவருடைய தோளில் மகனின் விரல்கள் மட்டும் மிஞ்சி நின்றன.

பெட்டியை வைத்திருந்த மலர்ச்சாலையில் அண்ணாவின் மகள், மகன் பார்ப்பதற்காக வீடியோ அழைப்பில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனடாவில் அப்போது விடியாத நேரம். தடித்த ஜக்கெற்றோடு கட்டிலில் இருந்து அவன் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமி, மச்சான் உங்களையும் பாக்கவேணுமாம், பெட்டிக்குக் கிட்ட வரட்டாம்" என்றாள். போனேன். கொள்ளியை அவருடைய உடன்பிறந்த தம்பியின் மகன் வைத்தான். அதையும் என் மகன் போனில்தான் பார்த்தான்.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான். நான் மூவராக ஒரு படம்கூட எடுக்க விடவில்லை. ஆனாலும் ஒருவர் போய்விட்டார். அப்படியானால் நான் காப்பாற்றியது எதை? ஒருவரையும் காப்பாற்றவில்லை. ஒரு படத்தை இல்லாமல் செய்தேன், ஒரு மனிதரின் முகத்தை வாட வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு மகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மலர்ச்சாலையில் அந்த நேரம் தன்னுடைய போன் திரையில் தெரிந்ததை அவன் பிடித்து வைத்திருக்கிறான். பெட்டிக்குள் அவர். பக்கத்தில் குனிந்தபடி நான். மூலையில், முத்திரையளவு கட்டத்துக்குள் அவன். பிறகு அழைப்பு எடுத்தான்.

"அம்மா, எங்கட மூண்டு பேரும் இருக்கிற படம் இது ஒண்டுதான். உங்களுக்குப் பயமெண்டா அழிச்சுவிடுறன்."

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவன் ஒருவன்தான் எனக்கு மிச்சம், அவனும் அந்தப் படத்துக்குள் இருக்கிறான்.

"அழிக்காதை தம்பி, வச்சிரு" என்றேன்.

அவன் போனை வைத்த பிறகு படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொருவராகப் பார்த்தேன். மூவரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கரையில் எடுத்திருந்தால் மூவரும் சிரித்திருப்போம்.