தம்பினிலிருந்து வந்த நகச்சாயம்

மலாயாவில் அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாமான் போகாதபடி எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தபோதுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. இருபது நாள்கூட ஆகவில்லை, தம்பின் டவுனுக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர் ஒரு சின்னக் குப்பியில் சிவப்பு நகச்சாயம் வாங்கி வந்தார். வேலிக் கதவில் சோதனை போட்ட போலீஸ்காரன் அதைத் திறந்து முகர்ந்துவிட்டுச் சிரித்தானாம். மானம் போயிற்று என்று இவருக்குக் கோபம். எனக்கோ தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் கண்ணிமை இரண்டும் வீங்கின. கழுத்திலும் கன்னத்திலும் பொரிப்பொரியாகச் சிவந்து ஒரே அரிப்பு. மாமியார் ஒரு பார்வைதான் பார்த்தார். "ஆத்தா வந்துருக்கா," என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். மருந்து கூடாது. புருஷன் உள்ளே வரக் கூடாது. எல்லாம் இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான். என் நகத்தைப் பார்த்து, "இருக்கட்டும், ஆத்தாவுக்குச் சிவப்புன்னா பிடிக்கும்," என்றார்.

இவர் பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டார். சாயங்காலம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "சாப்பிட்டியா?" என்பார். அதற்கு மேல் பேச அந்த மனுஷனுக்கு வராது. அவர் போனதும் எனக்கு ஏக்கமாக இருக்கும். குப்பியை எடுத்து நகத்துக்கு இன்னொரு பூச்சுப் பூசிக்கொள்வேன். தண்ணீர் ஊற்றும் நாளோ தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வீக்கம் வடிந்தால்தானே?

வேப்பிலை செருகிய பதினோராம் நாள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். வேப்பிலையைத் தாண்டாமல் வாசலில் நின்றே என் முகத்தைப் பார்த்தார், பிறகு விரல்களை.

"இது அம்மை இல்லம்மா. இந்தச் சாயம் ஒனக்கு ஒத்துக்கல. நகத்த ஒண்ணும் செய்யாது, கை போயித் தொடுற எடந்தான் பொரியும். மொதல்ல சுரண்டி எடு."

பின்னால் நின்ற என் வீட்டுக்காரருக்குக் குழப்பம். "நா வாங்கியாந்து ரெண்டு வாரமாச்சே. இன்னுமா மங்காம இருக்கு?"

மாமியார் வேறு பக்கத்தில் நிற்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஒங்க நெனப்பு வர்றப்பெல்லாம் பூசிக்கிட்டேன்," என்றேன்.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேப்பிலையை உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இவர் ஒரு பிளேடு எடுத்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். நிலைக்கு இந்தப் பக்கம் நான். ஒவ்வொரு விரலாகப் பிடித்துச் சுரண்டினார். தினமும் மரத்தில் பட்டை சீவுகிற கை. ஒரு கீறல் விழவில்லை.

பத்து விரலும் முடிந்தது. தலையை நிமிர்த்தாமல், "இப்ப நா உள்ள வரலாமா?" என்று கேட்டார். தன் வீட்டுக்குள் வர என்னிடம் கேட்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.