ஷிப்ட் முடியும் சங்கு

டெல்லியில் நடக்கவிருந்த தேசியக் கண்காட்சிக்காக எங்கள் தங்கச் சுரங்கத்தை ஓர் இருட்டறையாக வடிவமைத்துக் கொண்டிருந்தேன். பண்பாடு, தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் எல்லாம் அதற்குள் வர வேண்டுமாம். எங்கள் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், அப்பா அம்மா போனபின் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்து, சுரங்கத்தின் பழைய சங்கொலிப் பதிவை ஒருநாள் காலை பெரிய ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு ராணியக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தார். சுரங்கத் தொழிலாளியான கணவர் இறந்தபின் தனியாக இருப்பவர்.

“யாருக்குப்பா இன்னா ஆச்சு?” என்றவர், ஸ்பீக்கரைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். “ஷிப்ட் நேரமில்லாம சங்கு ஊதினா, உள்ள யாரோ மாட்டிக்கினாங்கன்னு அர்த்தம். மைன் மூடியாச்சுன்னு தெரியும். கால் நிக்கலப்பா.”

இந்த ஊரில் பிறந்தும் எனக்கு அது தோன்றவில்லையே!

எழுந்தவர் தயங்கினார். “ஷிப்ட் முடியற நேரத்துக்கு ஒரு தபா போடறியா?”

மதியம் போட்டேன். அக்கா முகம் கழுவி, தலைவாரி, வாசலில் நின்றிருந்தார். சங்கு ஓய்ந்தது. இருவரும் காலித் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கண்காட்சியில் அடிக்கடி சங்கு ஊதச் சொன்னார்கள். சண்டை போட்டு, ஷிப்ட் முடியும் நேரத்துக்கு மட்டும் வைத்தேன். அப்போது பெரும்பாலும் கூட்டம் இருப்பதில்லை. நான் மட்டும் இருட்டறையின் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.