விடியமுன் பிடுங்கிய மாவிலை

நஸ்லியா யாழ்ப்பாண நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வுகூட உதவியாளர். பதினான்கு வருடமாகக் கண்ணாடிக் குழாய் கழுவி, ஸ்பிரிட் அளந்து காலம் தள்ளுகிறாள். பிள்ளைகள் சித்தியடைந்தால் பெயர் ஆசிரியருக்கு, குழாய் உடைந்தால் ஏச்சு இவளுக்கு. அதை அவள் பெரிதாக எடுத்ததில்லை.

அவளை உலுக்கியது வீட்டு மாமரம். தொண்ணூறில் ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் அவள் குடும்பமும் விரட்டப்பட்டபோது அவளுக்குப் பத்து வயது. இருபது வருடம் கழித்துப் புத்தளத்திலிருந்து திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, மரம் மட்டும் காய்த்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு ஜோர்ஜ், தான் ஊரில் இருந்த காலமெல்லாம் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

மூன்று வருடமாக அந்த மரம் தேய்கிறது. இலைகளில் கபிலப் புள்ளி, முற்றுமுன்பே உதிர்வு, நுனிக்கொப்புகள் பட்டுப்போயின. கொப்பு முறிந்து தன் வீட்டு ஓட்டில் விழுகிறது என்று ஜோர்ஜ் எப்போதோ ஒருமுறை முறைப்பட்டிருந்தார். வாப்பா ஜமால்தீனுக்கு அது போதும். வேண்டாத மரத்தில் துளையிட்டுப் பெருங்காயம் வைத்துச் சாகடிப்பது எல்லைச் சண்டைக்காரருக்குத் தெரிந்த வேலை. போன வருடம் படலை வாசலில் நின்று, தெருவே கேட்க, "நீதான் பெருங்காயம் வைச்சனி!" என்று கத்திவிட்டார். ஜோர்ஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நஸ்லியா அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் துளை தேடினாள். இல்லை. ஆனாலும் சந்தேகம் விட்டுப்போகவில்லை. அவளும் வாப்பாவின் மகள்தானே.

ஒருநாள் அந்த மரத்து இலையை ஆய்வுகூடத்தில் ஸ்பிரிட்டில் அவித்துப் பச்சையைப் போக்கி, அயடீன் விட்டாள். நல்ல மரத்து இலைபோலக் கருநீலமாகியது. ஒன்றும் பிடிபடவில்லை.

உயிரியல் படிப்பிக்கும் நிரோஜினி ரீச்சர் எட்டிப் பார்த்தார். "மத்தியானத்து இலை எல்லாம் கறுக்கும் நஸ்லியாக்கா. நாங்கள் பள்ளிக்கூடத்திலை செய்யிறமாதிரிச் செய்திருக்கிறியள். கறுக்கிறது பகல் சேர்ந்த மாப்பொருள். அது இரவிலை சீனியாகி வேருக்கு இறங்கவேணும். விடியமுன்னம் பிடுங்கி, கையோடை ஸ்பிரிட்டிலை போடுங்கோ. நானும் வாகனம் குறைஞ்ச பண்டத்தரிப்பிலை எங்கடை வீட்டு மரத்து இலை கொண்டுவாறன்."

மூன்று விடியல் எழும்பினாள். மூன்று நாளும் அயடீன் விட்ட பண்டத்தரிப்பு இலை வெளிறியே கிடந்தது. பஸ் ஓடும் வீதியோரத்து இவர்கள் வீட்டு இலையோ நரம்போரம் நரம்போரமாகக் கறுத்தது.

"வாகனப் புகை வெயிலிலை மாறி ஓசோனாகுது," என்றார் ரீச்சர். "மார்கழி, தையிலை வடக்குக் காத்து கடல் தாண்டியும் கொண்டருது. மேலை வானத்திலை எண்டால் அது காவல். கீழை வந்தால் இலைக்கு நஞ்சு. இலை சமைக்குது, சமைச்சதை வேருக்கு அனுப்ப ஏலாமல் கிடக்கு. வேர் பட்டினி. அளந்து பாக்காமல் உறுதியாச் சொல்லமாட்டன். ஆனால் குணங்குறி அதுதான்."

வாப்பா இரண்டு இலைகளையும் பார்த்தார். கண்ணாடித் தட்டை அவள் பக்கமே தள்ளிவைத்தார்.

"நீ போய்ச் சொல்லு பிள்ளை. எனக்குக் கால் ஏலாது."

காலல்ல, முகந்தான் ஏலாது என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடித் தட்டோடு ஜோர்ஜ் வீட்டுக்குப் போனாள். ரீச்சர் சொன்னதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லி, "எங்களிலைதான் பிழை அங்கிள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். சொல்லும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை.

ஜோர்ஜ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கறுத்த இலையை நெடுநேரம் பார்த்தார். பிறகு தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"வாப்பா கோபக்காரன். அதை நான் எப்பவோ மறந்திட்டன். நீ மூண்டு நாள் விடியமுன்னம் எழும்பி இந்த இலையைக் கேட்டிருக்கிறாய் பிள்ளை. ஒரு வருஷமா நான் மதிலுக்கு இங்காலைதான் இருந்தன். என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே?"