டைல்ஸ் போடாத வாசல்

வசந்தாக்கா போய்விட்டார். இன்று காலை... ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லை.

தஞ்சாவூர் ஆபீஸில் பல வருஷம் எனக்குப் பக்கத்து சீட். ரிட்டயர் ஆனதும் புது வீட்டு வாசலில் லான் போட்டார். கார் நிறுத்த இடமில்லை, டைல்ஸ் போடணும் என்று மகன் கார்த்தி அன்றிலிருந்தே பிடிவாதம்.

அக்கா திருவையாறு பக்கம் வயல்காரக் குடும்பம். முதல் கோடையில் லானைச் சுற்றி வரப்பு கட்டி, நடவு வயல் மாதிரி தண்ணீரைத் தேக்கிவிட்டார். புல் அழுகி நாற்றம் தெருமுனை வரை வந்தது.

"என்னக்கா, நாத்து விட்டுருக்கீங்களா?" என்றேன்.

"சிரிக்காதடி. தண்ணி நின்னாத்தான பயிரு?"

"இத்தோட விட்டுரும்மா" என்றான் கார்த்தி. அக்கா வரப்பை வெட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து புல் பதித்தார்.

பிறகு பழகிவிட்டது. விடியற்காலையில் அளவாகத் தண்ணீர். மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் வேரடியில் வைக்கோல். சித்திரையில் மட்டும் புல்லை ஒட்ட வெட்ட விடமாட்டார். "இந்த வெயில்ல மொட்டை போட்டா தாங்குமா?"

ஒருநாள் எதிர்வீட்டு சார் வம்புக்கு வந்தார். "மேட்டூரே தொறக்கல. அங்க வயல் காயுது, நீங்க புல்லுக்குத் தண்ணி விடுறீங்க."

"உங்க கார் தினமும் குளிக்குதே சார்... அது என்ன, கதிர் விடுதா?"

அந்த வாய்ப்பேச்சை இனி கேட்க முடியாது. அதுதான் தாங்கவில்லை.

மத்தியானம் அக்காவை எடுத்தார்கள். ஆண்கள் மயானத்துக்குப் போனதும் நாங்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தோம். அப்போது அக்காவின் நாத்தனார் வாசலைப் பார்த்தபடி, "காரியம் முடியட்டும், டைல்ஸ்காரன வரச் சொல்லிடலாம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம்...

கழுவிய தண்ணீரை சாக்கடைப் பக்கம் விடவில்லை. விளக்குமாற்றால் நேராக லானுக்குத் தள்ளினேன்.

"தீட்டுத் தண்ணிய செடிக்கு விடுறியே" என்றார் நாத்தனார்.

"அக்கா கெடந்த எடத்தக் கழுவுன தண்ணிங்க. புல்லு ஒண்ணும் சொல்லாது."

அடுத்த பக்கெட்டையும் அங்கேயே கொட்டினேன். யார் முகம் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை.

மயானத்திலிருந்து திரும்பிய கார்த்தி, ஈரமாக நின்ற புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, வாசலில் ஏற்றத் திருப்பிய காரைப் பின்னால் எடுத்துத் தெருவிலேயே நிறுத்தினான்.

போய்ட்டு வாங்க அக்கா. நாளைக்குக் காலையில் தண்ணீர் விட நான் வருகிறேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்...