பூஜையில் வைத்த பச்சை நோட்டு

நெய்வேலியில் சுரங்க வேலை மும்முரமாக நடந்த காலம். என் அத்தை ஓர் ஆஸ்திரேலிய இன்ஜினீயர் வீட்டில் வேலை பார்த்தாள். அவர் விடிந்ததும் மைன்சுக்குப் போய்விடுவார். அவர் மனைவி கவிதை எழுதுகிறவர். அவர்கள் ஊர்ப் பத்திரிகைகளில் அதெல்லாம் வந்திருக்கிறதாம். இங்கே கேட்கத்தான் ஆளில்லை. வராந்தாவில் உட்கார்ந்து பச்சை அட்டை போட்ட நோட்டில் எழுதுவார், அடிப்பார், பிறகு புதிதாக நட்டிருந்த வேப்பங்கன்றைப் பார்த்து உரக்க வாசிப்பார். லீவு நாட்களில் நானும் அத்தையோடு போவேன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே பெண் நான்தான். அந்தத் திமிரும் எனக்கு உண்டு.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜையன்று எங்கள் குவார்ட்டர்சில் அப்பாவின் ஸ்பானரும் என் புத்தகங்களும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் அந்தப் பச்சை நோட்டு! முதல் நாள் சாயங்காலமே அத்தை கொண்டுவந்திருக்கிறாள்.

"எந்நேரமும் எழுதிக்கினே கெடக்கறாங்க, பாவம். அவங்க வூட்ல யாரு இதுக்குப் பூஜை போடப் போறாங்க?" என்றாள்.

"கேட்டுட்டு எடுத்தியா?" என்றாள் அம்மா.

"சாமி காரியத்துக்குப் போயி யாராவது கேப்பாங்களா?"

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். நான் என் தமிழ்ப் பாடத்தைக் கத்திப் படித்துவிட்டுச் சுண்டலுக்கு ஓடினேன்.

மத்தியானம் நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அங்கே வீடு தலைகீழாகக் கிடந்தது. மெத்தை, பெட்டி, குப்பைக்கூடை எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு, நடுவே தரையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். வேறு பிரதி இல்லையாம். அத்தை நோட்டை அவரிடம் நீட்டிவிட்டு என் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான்தான் தெரிந்த இங்கிலீஷில் பூஜையையும், மறுநாள் எடுத்துப் படிக்கிற வழக்கத்தையும் விளக்கினேன். அவர் கோபிக்கவில்லை. அட்டையிலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நோட்டைத் திறந்தார்.

"அப்படியானால் நீ படித்தாயா?" என்று என்னைக் கேட்டார்.

அத்தைக்குத் திருட்டுப் பட்டம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். "இல்லவே இல்லை. யாரும் திறக்கவில்லை. ஒரு வரிகூடப் படிக்கவில்லை" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

"நல்லது" என்றார். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வெளியே தெரிந்த வேப்பங்கன்றின் பக்கம் திரும்பிவிட்டார்.

அத்தையின் வேலை பிழைத்தது. எல்லாம் என் சாமர்த்தியம் என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டே வந்தேன். என்னைக் கேட்டபோதே அவர் நோட்டை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார் என்பது, எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.