சிகரெட்டை விட்டபின் வந்த இருமல்

சிகரெட்டை விட்ட ஐந்தாம் நாள் எனக்கு இருமல் தொடங்கியது. தொண்ணூறுகளின் கடைசி அது. திண்டுக்கல்லிலிருந்து நத்தத்துக்குத் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த டிரைவர் ஒருவருக்கு நாக்கில் புற்று வந்து மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். பார்க்கப் போனபோது, சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். திரும்பும் வழியிலேயே பாக்கெட்டில் மிச்சமிருந்த சிகரெட்டுகளைக் கசக்கி எறிந்தேன்.

பதினெட்டு வருஷம் புகைத்தபோது இப்படி இருமியதில்லை. இப்போது சளி பழுப்பாக வந்தது. எனக்கும் புற்று வந்துவிட்டது என்றே முடிவுகட்டினேன். மனைவியிடம் சொல்லவில்லை. இருமல் முட்டும்போதெல்லாம் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஒரு மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனபோது அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"மறுபடி ஊத ஆரம்பிச்சிட்டீகளா?"

"இல்லடி."

"அப்புறம் எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு போறீக? மாதா மேல சத்தியமாச் சொல்லுங்க."

கைக்குட்டையை விரித்துக் காட்டினேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"இதையா இம்புட்டு நாளா மறைச்சீக?"

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனாள். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் பஸ்ஸை எப்படி ஓட்டினேனோ தெரியாது. சாணார்பட்டி நிறுத்தத்தைத் தாண்டியே போய்விட்டேன். கண்டக்டர் விசிலடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. சிகரெட்டுப் புகையால மரத்துப்போய்க் கிடந்த நெஞ்சு இப்பத்தான் முழிச்சு அழுக்கை வெளிய தள்ளுது. சில வாரத்துல கொறஞ்சிரும்."

"புத்து வராதுல்ல சார்?"

"வரவே வராதுன்னு சொல்ல முடியாது. தொடாம இருந்தீங்கன்னா வருஷம் போகப் போக ஆபத்து கொறையும். இருதயத்துக்கும் நல்லது."

அவர் சொன்னதில் 'வரவே வராதுன்னு சொல்ல முடியாது' என்பது மட்டும்தான் என் காதில் நின்றது.

ஆனால் இருமல் மெல்ல அடங்கியது. சைக்கிளில் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குவதும் குறைந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, "குழம்புல உப்பு ஜாஸ்தி" என்றேன்.

"எப்பவும் போடுற உப்புதானே?" என்றவள் உடனே பதறினாள். "டாக்டரைப் பாத்துட்டு வந்துருவமா?"

போனோம். டாக்டர் சிரித்துவிட்டார். சிகரெட்டை விட்டதால் நாக்குக்கு ருசி திரும்பியிருக்கிறதாம். அன்றிலிருந்து உப்பைக் குறைத்தே போடுகிறாள். எனக்குத்தான் வருஷம் ஒருமுறை டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிவிட்டு வராவிட்டால் தூக்கம் பிடிப்பதில்லை.